ஃபார்மட் அடிச்சா எல்லாம் சரியாயிடுமா?

மூணு மாசத்துல மூணு ஃபார்மட். ஒவ்வொண்ணுக்கும் 500 ரூபாய். நாலாவது தடவை போனப்ப கடைக்கார அண்ணன் சொன்னார்: "தம்பி, கிராபிக்ஸ் கார்டு போயிருச்சு. புதுசு மாத்திரலாம், 24,000 ஆகும்."

அவர் கம்ப்யூட்டரை ஆன் பண்ணிக்கூடப் பார்க்கவில்லை. கேபினெட்டோட சைடு மூடியைக் கழட்டவில்லை. நாடி பிடிக்காமலே ஆபரேஷனுக்குத் தேதி குறிச்ச மாதிரி, ஸ்கூட்டரில் இருந்து நான் இறக்கி வைக்கும்போதே தீர்ப்பு சொல்லிட்டார்.

இந்தப் பதிவு அவரைத் திட்டுறதுக்காக மட்டும் இல்லை (கொஞ்சம் திட்டுவேன், ஹி ஹி). கேம் ஆடும்போது கம்ப்யூட்டர் உறைஞ்சு நின்னா உடனே "ஃபார்மட் போடு"னு சொல்ற அத்தனை பேர் மேலயும் எனக்குக் கோபம் இருக்கு. அதுல என் க்ளாஸ் பசங்களும் உண்டு. மச்சி, நீங்களும்தான்.

முதல்ல என்ன ஆச்சுனு சொல்லிடறேன்.

2023ல் வாங்கின மெஷின். ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, 16 ஜிபி ராம். மொத்தம் 65,000. பாதி அப்பா, பாதி நான். என் பாதி எப்படி வந்துச்சுன்னா, அப்பாவோட எலக்ட்ரிகல் கடையில சாயங்காலம் உக்காந்து கணக்கு எழுதின காசு. அதனால அந்த மெஷின்ல கேமும் ஓடும், கடையோட டாலியும் ஓடும். இது பின்னாடி முக்கியமா வரும், ஞாபகம் வச்சுக்கங்க.

சைபர்பங்க் 2077 ஆடினா 20 நிமிஷத்துல இருந்து 40 நிமிஷத்துக்குள்ள படம் அப்படியே நின்னுடும். சத்தம் மட்டும் "ட்ர்ர்ர்ர்"னு ஒரே இடத்துல சுத்தும். மவுஸ் நகராது. நம் லாக் பட்டனை அமுக்கினா கீபோர்டு லைட் மாறாது. பவர் பட்டனை அஞ்சு செகண்டு அமுக்கிப் பிடிச்சாத்தான் விமோசனம். சில நாள் திரை கறுப்பாகிடும், உள்ளே ஃபேன் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும். ஆனா வேலரண்ட் ஆடினா மணிக்கணக்கா ஓடும். படம் பார்த்தா ஓடும். டாலி ஓடும்.

இந்தக் கடைசி மூணு வரியிலேயே பாதி விடை இருக்கு. நான் கடையில இதைச் சொன்னேன். கேட்டுக்கிட்டே ஃபார்மட் பண்ண பென் டிரைவை எடுத்தார்.

முதல் ஃபார்மட் முடிஞ்சு ரெண்டு நாள் நல்லா ஓடின மாதிரி இருந்துச்சு. காரணம் சிம்பிள். கேமைத் திரும்ப டவுன்லோட் பண்ணவே எங்க வீட்டு லைன்ல ரெண்டு நாள் ஆச்சு! மூணாம் நாள் ராத்திரி "ட்ர்ர்ர்ர்".

ரெண்டாவது ஃபார்மட்லதான் பெரிய அடி. "சி டிரைவ்ல முக்கியமானது ஏதும் இருக்கா தம்பி?"னு கேட்டார். டெஸ்க்டாப்ல இருந்ததை மட்டும் காப்பி பண்ணச் சொன்னேன். டாலியோட டேட்டா ஃபோல்டரும் சி டிரைவ்லதான் உக்காந்திருக்குங்கறது, பி.காம் மூணாம் வருஷம் படிக்கிற, தினமும் டாலியைத் திறக்கிற இந்தப் புத்திசாலிக்கு அந்த நேரத்துல தோணலை. கடைசி பேக்கப் ரெண்டு மாசம் பழசு. ரெண்டு மாச சேல்ஸ், பர்ச்சேஸ், ஜிஎஸ்டி என்ட்ரி எல்லாம் காலி. சொந்த செலவில் சூனியம்னு சொல்வாங்களே, அதை 500 ரூபாய் கொடுத்து வச்சுக்கிட்டேன். பேக்கப் எடுக்காதது முழுக்க என் தப்பு. ஆனா அந்த ஃபார்மட்டே தேவையில்லைங்கறதுதான் இன்னிக்கு வரைக்கும் வயிறு எரியுது.

அப்பா சத்தம் போடலை. அவர் சத்தம் போட்டிருந்தா பரவாயில்லை. பில் கட்டை எல்லாம் ஒரு மஞ்சள் பையில போட்டு என் டேபிள்ல வச்சுட்டு, "கேம் ஆடி ஆடியே அதைக் கெடுத்துட்டே"னு ஒரே ஒரு வரி சொல்லிட்டுப் போயிட்டார்.

இந்த வரிதான் என்னை இந்தப் பதிவை எழுத வச்சது. ஏன்னா இதைச் சொல்றது எங்க அப்பா மட்டும் இல்லை. கடைக்காரர் சொல்றார், மாமா சொல்றார், பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் அண்ணன் சொல்றார். கேம் ஆடினா கம்ப்யூட்டர் கெட்டுப்போகுமாம்.

இல்லைங்க. கேம் ஒரு ஆடிட்டர். டாலி ஓடும்போது மெஷின் தூங்கிக்கிட்டே வேலை பார்க்கும். பிரவுசர்ல நாலு டேப் திறந்தா லேசா கண்ணைத் திறக்கும். பெரிய கேம் ஓடும்போதுதான் ப்ராசசர், கிராபிக்ஸ் கார்டு, ராம், டிஸ்க், ஃபேன், பவர் சப்ளை எல்லாத்தையும் ஒரே நேரத்துல கூப்பிட்டு "உன் கணக்கைக் காட்டு"னு கேக்குது. ஒருத்தன் கணக்குல ஓட்டை இருந்தா அப்ப வெளியே வருது. ஓட்டையை உண்டாக்கினது ஆடிட்டர் இல்லை. ஆடிட்டர் வந்த அன்னிக்குக் கல்லாவுல பணம் குறையுதுன்னா ஆடிட்டர் திருடிட்டார்னு போலீசுக்குப் போவீங்களா?

வாங்கின நாள்ல இருந்தே என் மெஷின்ல குறை இருந்துச்சு. முதல் வருஷம் பூரா நான் ஆடினது வேலரண்ட் மட்டும்தான், அதனால தெரியலை. அவ்வளவுதான் விஷயம்.

இப்ப ஃபார்மட் பஞ்சாயத்துக்கு வருவோம். காமர்ஸ் பசங்களுக்கு ஒரே வார்த்தையில புரியும்: சஸ்பென்ஸ் அக்கவுன்ட். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ்ல போட்டுட்டு மேல போறோம்ல? அது தற்காலிகம், தப்பைத் தேடிக் கண்டுபிடிச்சு அந்த அக்கவுன்ட்டை மூடணும்னுதான் ப்ளஸ் ஒன்லயே சொல்லித்தராங்க. ஃபார்மட் பண்றது வித்தியாசத்தை சஸ்பென்ஸ்ல போட்டதோட நில்லாம லெட்ஜரையே எரிச்சுடற வேலை. ஏன்னா மெஷின் ஏன் நின்னுச்சுங்கறதுக்கான தடயம் விண்டோஸ்ல ஈவென்ட் வ்யூவர்ங்கற இடத்துல பதிவாகி இருக்கும். ஃபார்மட் அடிச்சா முதல்ல போறது அதுதான்.

அந்தப் பதிவுல எல்லா விடையும் இருக்கும்னு சொல்லலை. "கெர்னல் பவர் 41"னு ஒண்ணு வரும். அதைப் பார்த்ததும் நம்மாளுங்க பவர் சப்ளை போச்சுனு குதிப்பாங்க. அதோட அர்த்தம், மெஷின் முறையா ஷட்டவுன் ஆகாம திரும்ப ஸ்டார்ட் ஆச்சுங்கறது மட்டும்தான். நீங்க பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சாலும் அதே 41தான் வரும். ஆனா "டிஸ்ப்ளே 4101"னு இருந்தா கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாம நின்னு விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பியிருக்குனு அர்த்தம். "வீயா லாக்கர்"னு இருந்தா ஹார்டுவேர்லயே பிழைனு அர்த்தம். மூணும் மூணு திசை. மூணுக்கும் ஒரே மருந்து ஃபார்மட்னா அது மருந்தா, விபூதியா?

என்னோடதுல 41 மட்டும்தான் இருந்துச்சு. அதாவது விண்டோசுக்கு எழுதி வைக்கக்கூட நேரம் கிடைக்கலை.

கார்டுக்கு 24,000னு கேட்டதும் மெஷினைத் திரும்ப ஸ்கூட்டர்ல ஏத்திக்கிட்டு வந்துட்டேன். ஸ்டடி லீவு. படிக்கிற வேலையைத் தவிர மத்த எல்லா வேலைக்கும் நேரம் இருந்துச்சு :-). ஒரு முடிவு பண்ணேன்: காசு செலவாகாத சோதனை எல்லாம் முதல்ல, ஒரு நேரத்துல ஒரு மாற்றம் மட்டும். நாலை ஒண்ணா மாத்தினா எது சரி பண்ணுச்சுனு தெரியாது.

எல்லாரும் முதல்ல சந்தேகப்படுறது சூடு. திருச்சி வெயிலுக்கு நியாயமான சந்தேகம்தான். எச்டபிள்யூ இன்ஃபோனு ஒரு இலவச மென்பொருள், ஒவ்வொரு ரெண்டு செகண்டுக்கும் எல்லா சென்சாரையும் ஒரு ஃபைல்ல எழுதிக்கிட்டே போகும். அதை எக்செல்ல திறக்கலாம். கேம் நின்ன அப்புறம் கடைசி வரியைப் பார்த்தேன். ப்ராசசர் 78 டிகிரி, கார்டு 71 டிகிரி. பயப்படற மாதிரி எதுவும் இல்லை. தவிர இந்தக் காலத்து ப்ராசசரும் கார்டும் சூடு ஏறினா முதல்ல தானே வேகத்தைக் குறைச்சுக்கும், கேம் நொண்டும், அதுக்கும் மேல போனாத்தான் ஆஃப் ஆகும். என்னோடது நொண்டவே இல்லை, ஓடிட்டு இருந்தவன் அப்படியே சிலையாகிட்டான். (இதுக்கு நடுவுல ஒருத்தர் தெர்மல் பேஸ்ட் மாத்தினா சரியாகும்னு 400 ரூபாய் வாங்கிட்டுப் போனார். அதை எழுதவே கூச்சமா இருக்கு.)

அடுத்து ராம். மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவ்ல போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில ஒரு பிழைகூட இல்லை. அதுல ஒரே ஒரு பிழை வந்தாலும் ராமோ அதோட செட்டிங்கோ தப்புனு அர்த்தம். பயாஸ்ல எக்ஸ்எம்பினு ஒண்ணு இருக்கும், ராமை அதோட சாதாரண வேகத்தைவிட அதிகமா ஓட்டறது. அதை ஆஃப் பண்ணியும் ஆடிப் பார்த்தேன். 31 நிமிஷத்துல "ட்ர்ர்ர்ர்". ரைட்டு, ராம் நிரபராதி.

மூணாவது சோதனைதான் திருப்பம். ஆஃப்டர்பர்னர் மென்பொருள்ல கார்டோட பவர் லிமிட்டை 65 சதவீதமா குறைச்சேன். கேமோட ஃப்ரேமையும் 60க்கு மேல போகாம கட்டினேன். அன்னிக்கு மூணு மணி நேரம் ஆடினேன். நிக்கவே இல்லை. மறுநாளும் நிக்கலை. பழையபடி 100க்கு ஏத்தினேன், 25 நிமிஷம், அவுட்.

கார்டு கெட்டுப்போயிருந்தாலும் இப்படி நடக்கலாம். சூடு இல்லைனு எக்செல் சொல்லிடுச்சு. ஆனா கார்டு குறைவா மின்சாரம் குடிச்சா மெஷின் ஓடுது, நிறைய குடிச்சா நிக்குதுன்னா, குடிக்கிறவனை மட்டும் சந்தேகப்படாம ஊத்திக் கொடுக்கிறவனையும் பார்க்கணும்ல? அன்னிக்குத்தான் வாங்கினதுல இருந்து முதல் தடவையா அந்தச் சைடு மூடியைக் கழட்டி எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படிச்சேன்.

பெரிய எழுத்துல 450 வாட். கீழே சின்ன எழுத்துல ஒரு கட்டம். அதுல 12 வோல்ட்டுக்கு நேரா 16 ஆம்பியர்.

12ஐ 16ஆல பெருக்குங்க. 192 வாட்.

கார்டும் ப்ராசசரும் குடிக்கிறது பெரும்பாலும் இந்த 12 வோல்ட் லைன்லதான். 2000ல பென்டியம் 4 வந்ததுல இருந்து ப்ராசசருக்கும் அதுதான் வழி. மத்தபடி 3.3 வோல்ட், 5 வோல்ட் லைன்ல தாராளமா ஆம்பியர் எழுதிக் கூட்டுத்தொகையை ஊதிப் பெருக்கி 450னு போட்டிருக்காங்க. பேலன்ஸ் ஷீட்ல குட்வில்லை ஏத்திக் காட்டற மாதிரி. ஆர்டிஎக்ஸ் 3060 மட்டும் 170 வாட். அந்தக் கார்டுக்குக் குறைஞ்சது 550 வாட் எஸ்எம்பிஎஸ் போடுங்கனு என்விடியாவே சொல்லுது. என் ப்ராசசர் முழு வேகத்துல 76 வாட் வரைக்கும் போகும். கூட்டினா 246. கையில இருக்கிறது 192. இதுல கார்டு கண நேரத்துக்கு 170ஐத் தாண்டி எகிறும், அந்தக் கணக்கு வேற.

இன்னொரு கூத்தும் இருந்துச்சு. கார்டுக்குப் போற 8 பின் ஒயர் அந்த எஸ்எம்பிஎஸ்ல கிடையவே கிடையாது. ஹார்டு டிஸ்குக்குப் போடற பழைய பின் ரெண்டை ஒரு கன்வர்டர்ல சேர்த்துக் கார்டுல சொருகி வச்சிருக்காங்க. இதைப் பார்த்த எந்த மெக்கானிக்கும் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருக்கலாம். ஆனா பார்க்கறதுக்கு மூடியைக் கழட்டணுமே!

நல்ல எஸ்எம்பிஎஸ்னா லோடு தாங்கலைன்னதும் டப்புனு தன்னை ஆஃப் பண்ணிக்கும். அந்தப் பாதுகாப்பு சரியா இல்லாத மலிவு சரக்குல வோல்டேஜ் மெதுவா கீழே இறங்கும். கார்டுக்கும் ப்ராசசருக்கும் போதாம, ஆஃப் ஆகாம, ஓடாம, நடுவுல நிக்கும்.

இதை அப்பாகிட்ட காட்டினேன். அவருக்கு ஆர்டிஎக்ஸ் தெரியாது, சைபர்பங்க் தெரியாது. ஆம்பியர் தெரியும், முப்பது வருஷமா அதை வித்துத்தான் எங்களை வளர்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஸ்டிக்கரைப் படிச்சார், வாய்க்குள்ளயே பெருக்கினார்.

"192ல 250 வாட்டை ஓட்டறானா? 5 ஆம்ப் பாயின்ட்ல கீசரை மாட்டின கதைடா இது."

அவ்ளோதான். மூணு மாசமா யாரும் சொல்லாத விடை, பத்து செகண்டுல.

அப்பவும் நான் ஒத்துக்கலை (இங்கதான் கொஞ்சம் பெருமை அடிச்சுக்கறேன்). கணக்கு சொல்றதும் மெஷின் சொல்றதும் ஒண்ணானு பார்க்கணும். நண்பன் ஒருத்தனோட 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை ரெண்டு நாள் கடன் வாங்கி மாட்டினேன். பவர் லிமிட் 100, ஃப்ரேம் கட்டுப்பாடு இல்லை. முதல் நாள் நாலு மணி நேரம், ரெண்டாம் நாள் ஆறு மணி நேரம். நிக்கலை. நிறைய பேர் இதோட நிறுத்திடுவாங்க. நான் பழையதைத் திரும்ப மாட்டினேன். 38 நிமிஷத்துல நின்னுச்சு. அப்பத்தான் நம்பினேன். அப்புறம் 4,800 ரூபாய்க்கு ஒரு நல்ல 650 வாட் வாங்கினோம். அப்பா காசுதான். அந்தக் கார்டு, 24,000க்குத் தூக்கிப் போடச் சொன்ன அதே கார்டு, இன்னிக்கும் ஓடுது.

சரி, "அப்ப எல்லாருக்கும் எஸ்எம்பிஎஸ்தானா?"னு கேட்டா, அதுவும் ஃபார்மட் மாதிரி இன்னொரு மூடநம்பிக்கைதான். சிலருக்கு டிரைவர் பிரச்சினை, அதுக்கு டிரைவரைச் சுத்தமா எடுத்துட்டுப் போட்டாலே போதும். சிலருக்கு 600 விஏ யூபிஎஸ் வில்லன். அது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், அதுல மானிட்டரையும் சேர்த்து மாட்டியிருப்பாங்க. சிலருக்கு நிஜமாவே விண்டோஸ் கெட்டிருக்கும், ஃபார்மட் பண்ணா சரியாகும். நான் ஃபார்மட்டுக்கு எதிரி இல்லை. காரணம் தெரியாம பண்ற ஃபார்மட்டுக்கு எதிரி.

ஊகத்தால எவ்வளவு பெரிய இடத்துலயும் தப்பு நடக்கும்ங்கறதுக்கு இன்டெல் கதையைப் படிங்க. அவங்களோட 13ஆம், 14ஆம் தலைமுறையில விலை அதிகமான ப்ராசசர் வச்சிருந்தவங்களுக்கு கேம் திறக்கும்போதே "வீடியோ மெமரி போதவில்லை"னு பிழை வந்துச்சு. வீடியோ மெமரினு வந்தா யாரைச் சந்தேகப்படுவோம்? கிராபிக்ஸ் கார்டைத்தான். 24 ஜிபி கார்டு வச்சிருந்தவனுக்கும் மெமரி போதலையாம்! 2024 ஏப்ரல்ல என்விடியா தன்னோட டிரைவர் குறிப்புலயே, இந்தப் பிழை வந்தா இன்டெலைக் கேளுங்கனு போட்டுச்சு. 2024 ஜூலையில இன்டெல் ஒத்துக்கிச்சு: ப்ராசசருக்குள்ள இருக்கற மைக்ரோகோடு தேவைக்கு மேல வோல்டேஜ் கேக்குது. ஆகஸ்ட்ல திருத்தம் வந்துச்சு, வாரண்டியை ரெண்டு வருஷம் கூட்டினாங்க. ஆனா ஏற்கெனவே அடிபட்ட ப்ராசசரை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. அந்த மெஷினை நூறு தடவை ஃபார்மட் பண்ணாலும் என்ன ஆகும்? நூறு தடவை 500 ரூபாய்.

இப்ப கடைக்காரர் பக்கம். நியாயமா பேசணும்ல. என் மெஷின் 40 நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் நிக்கும். அதைக் கண்டுபிடிக்க அவர் அரை நாள் உக்காந்து சைபர்பங்க் ஆடணும். அதுக்கு நாம 1,000 ரூபாய் கொடுப்போமா? செக்கிங் சார்ஜ் 200னு சொன்னாலே, "எதுவுமே பண்ணலையே, எதுக்கு 200?"னு சண்டைக்குப் போறவங்க நாம. பண்ணதுக்குக் காசு கொடுப்போம், கண்டுபிடிச்சதுக்குக் கொடுக்க மாட்டோம். அதனால அவங்களும் கண்டுபிடிக்கறதை விட்டுட்டுப் பண்றதை மட்டும் விக்கிறாங்க. ஃபார்மட்டுக்கு அரை மணி நேரம், நிச்சயம் 500. காமர்ஸ் மூளையோட பார்த்தா அவர் முட்டாள் இல்லை.

ஆனா விக்கும்போது செய்ததுக்கு மன்னிப்பு கிடையாது. என் பழைய பில்லைத் தேடி எடுத்தேன். ப்ராசசர் மாடல் நம்பரோட இருக்கு, கார்டு நம்பரோட இருக்கு, ராமோட வேகம்கூட இருக்கு. எஸ்எம்பிஎஸ் மட்டும் "கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ் - 2,200". கம்பெனிப் பேர் இல்லை, வாட் இல்லை. கலர் லைட்டு வச்ச கேபினெட்டோட கொசுறா வந்த டப்பா. 65,000 ரூபாய் மெஷினோட இதயத்தைக் கொசுறா வாங்கியிருக்கோம். நாங்க பேரம் பேசினோம், 3,000 குறைங்கனு அப்பா ஒத்தக்கால்ல நின்னார், நானும் கூட நின்னேன். அவர் குறைச்சார். எதுல குறைச்சார்னு நாங்க கேக்கலை.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்துக்கிட்டுப் போன வாரம் கடைக்குப் போனேன். கன்வர்டர் ஒயரைக் காட்டினேன். "எல்லாருக்கும் இதான் தம்பி போடறோம், யாரும் கம்ப்ளைன்ட் சொன்னதில்ல"ன்னார். எல்லாரும் கேம்ல மேல பழியைப் போட்டுட்டுப் போயிருப்பாங்கண்ணேனு சொன்னேன். பதில் இல்லை.

அப்ப பக்கத்துல ஒரு ஸ்கூல் பையன், அவன் அப்பாவோட, டேபிள்ல ஒரு கேபினெட். கலர் லைட்டு வச்சது.

"கேம் ஆடுவானா சார்?"

"அதையேதான் சார் ஆடறான்."

"அதான். ஃபார்மட் பண்ணிரலாம்."

"சார், அதுக்கு முன்னாடி அந்தச் சைடு மூடியைக் கொஞ்சம் கழட்டச் சொல்லுங்க"னு அந்தப் பையனோட அப்பாகிட்ட சொன்னேன். கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே... இனிமே அந்தத் தெருவுக்கே போக முடியாதுனு நினைக்கிறேன். ஆனா மூடியைக் கழட்டினாங்க.

பி.கு: மஞ்சள் பையில இன்னும் 140 பில் பாக்கி இருக்கு. டாலி என்ட்ரி போட ஆர்வமுள்ள நல்ல உள்ளங்கள் வீட்டுக்கு வரலாம், டீ உண்டு.